சாளை துப்பறிகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாளை ஒரு நாய். குமரி மாவட்டத்தில், முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவே ஒரு கடற்கரை ஊரில், ஆக்னஸ் என்ற பத்து வயதுச் சிறுமியோடு சேர்ந்து, களவு போனதையும் காணாமல் போனதையும் கண்டுபிடிப்பது அதன் வேலை. எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக நான் எழுதிவரும் கதைகள் இவை. 2020 ஊரடங்கின்போது, டியூஷனுக்கு வர முடியாமல் வீட்டில் அடைந்து கிடந்த பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பத் தொடங்கினேன். இப்போது பதினொரு கதை ஆகிவிட்டது. கதையை விடக் கேள்விகள்தான் அதிகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை என்பதால் இங்கே மொத்தமாக. கேள்விகளைக் கூடியவரை வந்தபடியே போட்டிருக்கிறேன்.

நாய்க்குப் போய் யாராவது சாளைன்னு பேர் வைப்பாங்களா?

நான் வைத்தேன். மற்ற ஊர்களில் மத்தி என்று சொல்லும் மீனுக்கு எங்கள் பக்கத்தில் சாளை என்று பெயர். ஒரு நாள் மீன்காரம்மா எங்கள் வாசலில் மீன் பாத்திரமான சருவத்தை இறக்கி வைத்துவிட்டு அம்மாவோடு விலை பேசிக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ ஒரு குட்டி வந்தது. ஒரு சாளையைக் கவ்வியது. வேலி இடுக்கில் நுழைந்து மறைந்தது. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. மூன்றாம் நாள், மீன்காரம்மா தெருமுனை திரும்புவதற்கு முன்பே எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. அவர் வருவது இதற்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டிருந்ததில்தான் முதல் கதை பிறந்தது. ஆக, எங்கள் துப்பறிவாளர் அறிமுகமானது கள்ளனாக.

சாளை என்ன ஜாதி நாய்? ஜெர்மன் ஷெப்பர்டா?

நாட்டு நாய். செம்பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். துப்பறிவது என்றாலே ஜெர்மன் ஷெப்பர்டு என்று சினிமா பழக்கிவிட்டது. கடற்கரை மணலில், மத்தியான வெயிலில், அந்த ரோமத்தை வைத்துக்கொண்டு அது என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டிலேயே பெயர் பெற்ற நாய்கள் உண்டு: ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி. இதில் கன்னி என்ற பெயரைப் பார்த்து அது கன்னியாகுமரி நாய் என்று சிலர் எழுதுகிறார்கள். இல்லை, அது கோவில்பட்டி, சிவகாசிப் பக்கத்து வேட்டை நாய். நம்ம சாளைக்கு அப்படி ஊர்ப் பெருமையெல்லாம் கிடையாது.

அந்த ஊர் நிஜமாவே எங்க இருக்கு?

ஊருக்குப் பெயர் வைக்கவில்லை, வேண்டுமென்றேதான். பெயர் வைத்தால், ‘அப்போ கள்ளன் எங்க ஊர்க்காரனா?’ என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். ஆனால் சுற்றியுள்ள இடங்களெல்லாம் உண்மை. தோவாளைப் பூச்சந்தை, மாத்தூர் தொட்டிப்பாலம், குலசேகரத்து ரப்பர் தோட்டங்கள், உதயகிரிக் கோட்டை எல்லாவற்றையும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். உதயகிரிக் கோட்டைக் கதையில் வரும் கல்லறையும் உண்மைதான். 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அவருக்கே படைத்தலைவரான டி லனாய் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அங்கே புதையல் இருப்பது மட்டும் என் கற்பனை. தயவு செய்து தோண்டாதீர்கள்.

சாளை ஏன் பேச மாட்டேங்குது? மத்தக் கதையில எல்லாம் மிருகங்கள் பேசுதே?

இதுதான் எல்லாவற்றையும் விட அதிகம் பேர் கேட்கும் கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சாளை பேசினால் கதை இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். ‘யார் எடுத்தது, சாளை?’ ‘மூணாவது வீட்டு மாமா.’ அவ்வளவுதான், எல்லாரும் தூங்கப் போகலாம். சாளைக்குப் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே விடை தெரிந்துவிடும். ஆனால் அதற்குச் சொல்லத் தெரியாது. ஆக்னஸுக்குப் பேசத் தெரியும், விடை தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் என் கதைகள் எல்லாமே நடக்கின்றன. நாய் என்ன சொல்ல வருகிறது என்பதை ஆக்னஸ் படிக்க வேண்டும். காது எந்தப் பக்கம் திரும்புகிறது, வால் எந்த உயரத்தில் நிற்கிறது, ஒரு முன்காலை ஏன் தூக்கி வைத்திருக்கிறது, எந்த இடத்தில் வந்ததும் உட்கார்கிறது, இதெல்லாம்தான் அவளுக்கு எழுத்து. தப்பாகப் படிப்பாள். பல கதைகளில் பாதி வரை தப்பாகத்தான் படிப்பாள்.

உதாரணத்துக்கு வால். வால் ஆடினால் சந்தோஷம் என்று நாம் நினைக்கிறோம். உடம்பு தளர்ந்து, இடுப்போடு சேர்த்து ஆடினால் சந்தோஷம்தான். உடம்பு விறைத்து, வால் உயர்ந்து, நுனி மட்டும் படபடவென்று ஆடினால் அது ‘கிட்ட வராதே’. நாலாவது கதையில் ஐஸ்காரரைப் பார்த்துச் சாளை வாலாட்டியதை எத்தனை பேர் ‘அவர் நல்லவர்’ என்று எடுத்துக்கொண்டீர்கள்! எப்படி ஆட்டியது என்று அந்த வரியிலேயே எழுதியிருந்தேன். திரும்பப் போய்ப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. போலீஸ் நாய் ஒருவரை நோக்கிப் போய் நின்றுவிட்டால் மட்டும் போதுமா, அதை வைத்தே அவருக்குத் தண்டனை கொடுத்துவிடலாமா என்ற கேள்வி நம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நாயால் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சாட்சி சொல்ல முடியாது, அதைக் குறுக்கு விசாரணை செய்யவும் முடியாது என்பது அங்கே பேசப்பட்ட முக்கியமான தடைகளில் ஒன்று. முதல் தடவை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாயைக் கூண்டில் ஏற்றி நிறுத்தி, ‘நீ சொல்வதெல்லாம் உண்மைதானா?’ என்று வக்கீல் கேட்பதைக் கற்பனை செய்து பார்த்தேன். அப்புறம் யோசித்தால், என் கதைக்கு வேண்டிய சட்டமே அதுதான் என்று பட்டது. சாளை காட்டிக்கொடுக்கலாம். நிரூபிக்க வேண்டியது ஆக்னஸ்.

நாய் மூக்கைப் பத்தி எழுதுறதெல்லாம் நிஜமா, இல்ல கதைக்காக விடுறதா?

மூக்கு விஷயத்தில் நான் விடுவதே இல்லை; உண்மையே நம்ப முடியாத அளவுக்கு இருக்கும்போது எதற்கு விட வேண்டும்?

மணத்தை உணரும் செல்கள் மனித மூக்கில் சுமார் 60 லட்சம் என்றால், நாய்க்கு இனத்தைப் பொறுத்து 10 கோடியிலிருந்து 30 கோடி வரை இருக்கும். எண்ணைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஏறாது. டியூஷனில் நான் சொல்வது இப்படி: கல்யாண வீட்டுப் பந்தலுக்குள் நுழைகிறீர்கள். உங்களுக்கு ‘அவியல் மணக்குது’. சாளைக்கு அவியல் என்று ஒன்று இல்லை. சேனை தனி, முருங்கைக்காய் தனி, வெள்ளரிக்காய் தனி, தேங்காய் எண்ணெய் தனி, கறிவேப்பிலை தனி. கிளறிய கரண்டியில் நேற்று சாம்பார் கிளறியது தனி. கிளறியவர் காலையில் எந்த சோப்பு போட்டுக் குளித்தார் என்பதும் தனி.

தோவாளைச் சந்தைக் கதையை இதற்காகவே எழுதினேன். விடியும் முன்பே பிச்சியும் மல்லியும் கேந்தியும் அரளியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம். நமக்கு அங்கே நுழைந்தவுடன் மூக்கு நிறைந்துவிடும், வேறெதுவும் தெரியாது. சாளை அந்தப் பூவாசத்துக்கு நடுவில் ஒரு கோணிச் சாக்கில் ஒட்டியிருந்த கருவாட்டு மணத்தைப் பிடிக்கிறது. மிகைப்படுத்தல் இல்லை, நல்ல மூக்குள்ள நாய்க்கு இது முடியும்.

நாய் முகரும்போது கிட்டே உட்கார்ந்து கவனியுங்கள். விட்டு விட்டு, வேகமாக, ஒரு நொடிக்கு ஐந்து தடவை போல இழுக்கும். உள்ளே இழுப்பது முன் துவாரம் வழியாக. வெளியே விடும் காற்று மூக்கின் ஓரத்தில் இருக்கும் கீறல் வழியாகப் பக்கவாட்டில் போகும். அதனால் உள்ளே வரும் மணமும் வெளியே போகும் காற்றும் மோதிக்கொள்வதில்லை. தூசித் தரையில் சாளை முகர்ந்துகொண்டு போனால் மூக்குக்கு இரண்டு பக்கமும் தூசி சின்னதாகப் பறக்கும். ஆக்னஸ் ஒரு கதையில் அந்தத் தூசியைத்தான் கவனிக்கிறாள்.

ஒருவர் நடந்து போன தடத்தில் சில காலடிகளை முகர்ந்து பார்த்தே அவர் எந்தப் பக்கம் போனார் என்று சொல்லக்கூடிய நாய்கள் உண்டு. முதல் காலடியை விட ஐந்தாவது காலடி ஒரு சில நொடி புதிது. அந்த ஒரு சில நொடி வித்தியாசம் அவற்றின் மூக்குக்குத் தெரிகிறது.

மழை பெய்தால் சாளைக்கு லீவா?

பலத்த மழை என்றால் கிட்டத்தட்ட லீவுதான். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. சாளைக்கு லீவு மற்ற மாவட்டத்து நாய்களை விட அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் லேசான ஈரம் நல்லது. காலைப் பனியில் மணம் தரையோடு தங்கி நிற்கும். வெயில் ஏறினால் காய்ந்து கலைந்துவிடும். அதனால்தான் சாளையின் முக்கியமான வேலையெல்லாம் விடிகாலையில் நடக்கிறது, ஆக்னஸ் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்குகிறாள்.

காற்றுதான் இதைவிடப் பெரிய விஷயம். கடற்கரையில் பகலில் காற்று கடலிலிருந்து வரும். இரவில் கரையிலிருந்து கடலுக்குப் போகும். ஆகவே ராத்திரி வள்ளத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பவனைச் சாளை கண்டுபிடிக்க வேண்டுமானால் அது தண்ணீர் ஓரத்தில் நிற்க வேண்டும், ஊருக்குள் அல்ல. இதைக் கவனிக்காமல் நாயை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி மோப்பம் பிடிக்க வைக்கும் கதைகளைப் படித்தால் எனக்கு எரிச்சல் வரும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுற்றும் இடத்தில் ஒரு கதை எழுதிப் பார்த்தேன். அந்தக் காற்றில் மணம் எங்கே நிற்கும்? சாளை நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டது. கதையும் அங்கேயே படுத்துவிட்டது.

ஓடும் தண்ணீர் தடத்தை அறுத்துவிடும். மாத்தூர் தொட்டிப்பாலக் கதை அப்படி வந்ததுதான். 1966-இல் கட்டியது, பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், ஆயிரம் அடிக்கு மேல் நீளத்துக்குக் கால்வாய்த் தண்ணீரைத் தொட்டியில் சுமந்துகொண்டு போகிறது. ஆற்றுக்கு மேலே இன்னொரு ஆறு போகிற மாதிரி. இந்தக் கரையில் தொட்டித் தண்ணீரில் போட்ட பொருள் அந்த மலையில் போய் வெளியே வரும். நடுவில் மோப்பம் கிடையாது. சாளை பாலத்தில் பாதி தூரம் வந்து, இடைவெளி வழியாகக் கீழே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் காட்சியைப் பலர் கிண்டல் செய்தார்கள். அந்த உயரத்தில் எனக்கே கால் கூசியது; நாயை மட்டும் எப்படித் தைரியசாலி ஆக்குவது?

நாய்க்கு நிறம் தெரியாதுல்ல? முதல் கதையில சிவப்புத் துண்டை எப்படிக் கண்டுபிடிச்சுது?

மாட்டிக்கொண்டேன். முதல் கதையில் பச்சைப் புல்லுக்கு நடுவே கிடந்த சிவப்புத் துண்டைச் சாளை தூரத்திலிருந்தே பார்த்து ஓடியதாக எழுதியிருந்தேன். தக்கலையிலிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேள்வி அனுப்பினாள்: ‘அங்கிள், நாய்க்கு சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தெரியும்னு சயின்ஸ் மிஸ் சொன்னாங்க. அப்போ எப்படி?’

அவள் சொன்னது சரி. நாய்க்கு எல்லாமே கறுப்பு வெள்ளை என்பது தப்பு. நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பும் பச்சையும்தான் மங்கலாக, ஒன்றுபோலத் தெரியும். துண்டின் நிறத்தை நீலமாக மாற்றிவிட்டு நல்ல பிள்ளையாக இருந்துவிடலாமா என்று பார்த்தேன். அது கள்ளத்தனம். இப்போது துண்டு சிவப்பாகவே இருக்கிறது. சாளை முதலில் அதைத் தாண்டி ஓடிவிடுகிறது, காற்று திரும்பியதும் நின்று திரும்பி வருகிறது. கதை முன்னைவிட நன்றாக ஆகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ் அனுப்பினேன்.

ரப்பர் ஷீட் கதையில சாளை ஏன் முசுறுக் கூட்டுக்குக் கீழ போய் உட்காருது?

இதற்கு முழு விடை சொன்னால் இன்னும் படிக்காதவர்கள் என்னை விடமாட்டார்கள். கதை என்ன என்று மட்டும் சொல்கிறேன்.

கோடை லீவுக்கு ஆக்னஸ் குலசேகரத்தில் அத்தை வீட்டுக்குப் போகிறாள், சாளையும் கூடப் போகிறது. அங்கே விடியும் முன்பே பால்வெட்டுக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். சிரட்டையில், அதாவது தேங்காய் ஓட்டில், சொட்டிய பாலை வடிகட்டி, தண்ணீரும் ஆசிடும் சேர்த்துத் தட்டில் ஊற்றி வைத்தால் மறுநாள் தயிர் போல உறைந்திருக்கும். அதை உருளையில் கொடுத்துத் தகடாக அடித்து, புகைக்கூட்டில் தொங்கவிட்டால் ஷீட். ஒரு ராத்திரி முப்பது ஷீட் காணவில்லை. சாளை புகைக்கூட்டிலிருந்து முகர்ந்துகொண்டே போய், பின்பக்கத்து மாமரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறது. மேலே பார்த்தால் இலைகளைத் தைத்துக் கட்டிய முசுறுக் கூடு.

மாமா சிரிக்கிறார். அவருக்கு ஊரில் விவரமானவர் என்று பெயர். நாயைப் பட்டி என்றுதான் சொல்வார்.

“எடே, இது எறும்பு மணத்துக்கு வந்திருக்கு. ஷீட்டுக்கு ஊத்துறது பார்மிக் ஆசிட். முசுறு பீச்சுறதும் அதே ஆசிட்தான். பட்டி ஏமாந்து போச்சு.”

“சாளை ஏமாறாது மாமா.”

“அப்போ எறும்புதான் முப்பது ஷீட்டையும் தூக்கிட்டுப் போச்சா மக்ளே?”

மாமா சொன்ன அறிவியல் முழுக்கச் சரி. பார்மிக் ஆசிட் என்ற பெயரே எறும்புக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அறிவியல் சரியாக இருந்தும் முடிவு தப்பு. முசுறு உள்ள மரத்தில் ராத்திரி ஒருவர் ஏறி இறங்கினால் அவர் கையும் கழுத்தும் மறுநாள் எப்படி இருக்கும் என்பதை ஆக்னஸ் யோசிக்கிறாள். இதுக்கு மேலே சொல்ல மாட்டேன்.

கதையில எல்லாரும் வெளியூர்க்காரனைத்தான் முதல்ல சந்தேகப்படுறாங்க. இது சரியா?

சரியில்லை. ஆனால் நடப்பது அதுதான். தோட்டத்திலும் கட்டட வேலையிலும் வடமாநிலத்துத் தம்பிகள் இல்லாத ஊர் இப்போது குறைவு. எது காணாமல் போனாலும் முதல் பார்வை அவர்கள் குடியிருப்புப் பக்கம்தான் போகும். ‘பிள்ளைகள் கதையில் இதெல்லாம் எதற்கு?’ என்று ஒரு பள்ளியில் கேட்டு, அந்தக் கதையை மட்டும் வாசிக்க வேண்டாம் என்றார்கள். வாசிக்கவில்லை. கதையையும் மாற்றவில்லை. சாளைக்கு இந்தி, தமிழ் என்ற பேதமெல்லாம் தெரியாது, அது தடம் போன பக்கம் போகிறது.

கொலை, ரத்தம் எல்லாம் உண்டா? ராத்திரி தூங்க மாட்டேங்கிறான்.

கொலை கிடையாது. களவு, காணாமல் போவது, பொய், ஒரே ஒரு பொய்ப் பேய். தூங்காததற்கு மொபைலும் காரணமாக இருக்கலாம்.

எங்க வீட்டு நாயைச் சாளை மாதிரி பழக்க முடியுமா?

விளையாட்டாகப் பழக்கலாம். மூன்று சிரட்டைகளை எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். ஒன்றுக்குள் மட்டும் அதற்குப் பிடித்த ஒரு துண்டு, வேக வைத்த கோழியோ மீனோ. முதல் இரண்டு நாள் நாய் பார்க்கும்போதே வையுங்கள், சரியான சிரட்டையைத் தொட்டதும் தூக்கிக் கொடுத்துவிடுங்கள். பிறகு அது பார்க்காதபோது வையுங்கள். பிறகு சிரட்டைகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள், ஒன்றைக் கதவுக்குப் பின்னால், ஒன்றைக் கட்டிலுக்கு அடியில். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். மூக்கை வைத்து வேலை செய்வது நாய்க்கு ஓடுவதை விடக் களைப்பு தரும்.

எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று: விடை இருக்கும் சிரட்டையை நீங்களே பார்த்துக்கொண்டு நிற்பது. நாய் மூக்கை விட்டுவிட்டு உங்கள் கண்ணைப் படிக்கத் தொடங்கிவிடும். ஒளித்து வைத்தவர் அறைக்கு வெளியே போய்விடட்டும்.

சாளை கண்டுபிடித்ததும் குரைக்காமல் உட்கார்வதைப் பலர் கேட்டிருந்தீர்கள். வெடிகுண்டு தேடும் போலீஸ் நாய்களுக்கு அப்படித்தான் பழக்குவார்கள். கண்டுபிடித்ததும் குரைப்பது, பிறாண்டுவது எல்லாம் அங்கே ஆபத்து. சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட வேண்டும். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது, எடுத்துக்கொண்டேன்.

கதையைப் படித்துவிட்டு என் மகள் தெருநாய்களிடம் போய்க் கைநீட்டுகிறாள். என்ன செய்வது?

இந்தக் கேள்வி வந்த அன்று எனக்கே தூக்கம் வரவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு கதையின் முன்னாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் வாசிக்கிறேன்.

தெரியாத நாய் சாளை இல்லை. சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய், இவற்றின் பக்கத்தில் போகவே கூடாது. ஒரு நாய் துரத்த வந்தால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கண்ணுக்குள் பார்க்கக் கூடாது. கைகளை உடம்போடு ஒட்டி, மரம் மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். டியூஷனில் வாரம் ஒரு தடவை எல்லாரையும் ‘மரம்’ ஆக நிறுத்திப் பழக்குகிறேன். சிரிப்பு வரும், பரவாயில்லை. வீட்டு நாயாக இருந்தாலும் அந்த வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

காதில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும் தெருநாயைப் பார்த்திருப்பீர்கள். கருத்தடை செய்து தடுப்பூசி போட்டதற்கு அடையாளம் அது. அதற்காக அந்த நாயைத் தொடலாம் என்று அர்த்தமில்லை.

கடித்துவிட்டால், அல்லது நகம் லேசாகக் கீறிவிட்டால்கூட, உடனே குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். கழுவி முடித்ததும் நேராக அரசு மருத்துவமனை. ஊசி அங்கே இலவசம். டாக்டர் எத்தனை நாள் வரச் சொல்கிறாரோ அத்தனை நாளும் போக வேண்டும், இரண்டு ஊசியோடு நிறுத்தக் கூடாது. குட்டி நாய்தானே, வீட்டு நாய்தானே என்று விடவும் கூடாது. வெறிநோய் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் பிறகு காப்பாற்ற வழியே இல்லை. பிள்ளைகளுக்கு நான் சொல்வது இன்னொன்று: நாய் கடித்ததை வீட்டில் மறைக்காதீர்கள். அடிப்பார்கள் என்று பயந்து மறைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஏன் நல்ல தமிழில் எழுதாமல் குமரிப் பேச்சில் எழுதுகிறீர்கள்?

கதை சொல்வது எழுத்துத் தமிழில்தான். ஆட்கள் பேசும்போது மட்டும் அவரவர் பேசுகிற மாதிரி. கள்ளனைக் கள்ளன் என்றுதான் சொல்வோம். ‘திருடன்’ என்று ஆக்னஸின் பாட்டா சொன்னால் அவர் டி.வி. பார்த்துவிட்டுப் பேசுகிறார் என்று அர்த்தம். மரவள்ளிக்கிழங்கு எங்களுக்கு மரச்சீனி. தாத்தாதான் பாட்டா. பெண் பிள்ளையோ ஆண் பிள்ளையோ, பாசம் வந்தால் ‘மக்ளே’. இதே மாவட்டத்துக்குள்ளேயே கிழக்கே நாய் என்பது மேற்கே களியக்காவிளைப் பக்கம் போனால் பட்டி ஆகிவிடும். ஒரு கதையில் சாட்சி சொன்னவர் உள்ளூர்க்காரர் இல்லை என்பதை ஆக்னஸ் கண்டுபிடிப்பதே இந்த ஒரு சொல்லை வைத்துத்தான். இதை எல்லாம் எடுத்துவிட்டால் துப்பு எங்கே கிடைக்கும்?

நானும் ஒரு துப்பறியும் கதை எழுதியிருக்கேன். படிச்சுப் பாப்பீங்களா?

அனுப்புங்கள், படிப்பேன். அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை பின்னாலிருந்து முன்னால் படித்துப் பாருங்கள். கடைசியில் கள்ளனைக் காட்டிக்கொடுக்கும் பொருள் முதல் பாதியிலேயே எங்காவது கிடக்கிறதா? கிடக்கவில்லை என்றால் படிக்கிறவரை ஏமாற்றிவிட்டீர்கள். கண்ணால் பார்க்கும் துப்போடு மூக்கால், காதால் கிடைக்கும் துப்பு ஒன்றாவது வையுங்கள். நாய்க்கு நமக்குக் கேட்காத உச்சச் சத்தமெல்லாம் கேட்கும். நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அதற்கு 45,000 வரை போகும். ஓட்டுக்குள் எலி கத்துவது அதற்குக் கேட்கும், நமக்குக் கேட்காது. இதிலேயே ஒரு கதை இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாளைக்குச் சாளை மீன் கொடுப்பீங்களா?

கொடுப்பேன், உப்பும் மிளகாயும் போடாமல் வேக வைத்து, முள்ளை எடுத்துவிட்டு. குழம்பில் கிடந்ததைக் கொடுப்பதில்லை. வெங்காயம் நாய்க்கு ஆகாது. சாக்லேட்டும் திராட்சையும் கிஸ்மிஸும் விஷம். சாளைக்கு என்று பிள்ளைகள் கொண்டுவரும் சாக்லேட்டை நான்தான் சாப்பிடுகிறேன்.

சாளைக்கு வயசாகுமா? செத்துப் போயிடுமா?

கதையில் சாளைக்கு மூன்று வயது. ஆக்னஸுக்கு எப்போதும் பத்து வயது என்பதுபோல அதற்கு எப்போதும் மூன்று.

வாசலில் படுத்திருக்கும் சாளைக்கு அப்படி இல்லை. மூக்கைச் சுற்றி நரைக்கத் தொடங்கிவிட்டது, கூப்பிட்டால் எழுவதற்கு முன் ஒரு யோசனை. பூனை குறுக்கே போனால் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறது. ஆனால் காலை எட்டரை மணி வாக்கில் திடீரென்று எழுந்து போய் வாசற்படியில் உட்காரும். தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். மூன்று நிமிடம், சில நாள் நாலு நிமிடம் கழித்து, மீன்காரம்மா தெருமுனை திரும்புவார். இவ்வளவு வருஷம் ஆகியும், எங்கள் வாசல் வந்ததும் அவர் முதலில் செய்வது சருவத்தை மூடியால் மூடுவதுதான்.